பீசா சாய்ந்த மணிக்கோபுரத்தில் வரிசை தவிர்ப்புச் சீட்டுடன் ஏறுதல்: குமரி மாவட்டத்துப் பயணிகளுக்கான முழுமையான வழிகாட்டி

இத்தாலிக்குத் திருப்பயணம் செல்லும் நம் மாவட்டத்துக் குழுக்கள் ரோம், அசிசி, பதுவை ஆகிய ஊர்களை முடித்துக்கொண்டு, ஒரு பகலைப் பீசாவின் சாய்ந்த மணிக்கோபுரத்துக்கென ஒதுக்குவது வழக்கமாகிவிட்டது. மறைசாட்சி தேவசகாயத்துக்கு 2022 மே 15 அன்று ரோமில் புனிதர் பட்டம் வழங்கப்பட்ட விழாவுக்குச் சென்றபோது நான் முதன்முறையாக அந்தக் கோபுரத்தில் ஏறினேன். அதன் பிறகு உறவினரோடும் பங்கு மக்களோடும் இரண்டு முறை சென்றிருக்கிறேன். மூன்று முறையும், கையில் சீட்டு இருந்தும் ஏற முடியாமல் கீழேயே நின்றவர்கள் எங்களுள் இருந்தார்கள். பணம் போதாமலோ உடல் முடியாமலோ அவர்கள் நிற்கவில்லை. செய்ய வேண்டியவற்றை முன்பின்னாகச் செய்ததால்தான் நின்றார்கள். ஆகவே இங்கே வரிசை எண்ணிட்டுச் சொல்லியிருக்கும் முறையை மாற்றாமல் கடைப்பிடிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தொடங்குமுன் ஒன்று. நாம் பைசா என்று பள்ளியில் படித்த ஊரை அங்கே பீசா என்றுதான் சொல்கிறார்கள். ரயில் நிலையத்தில் பைசா என்று கேட்டால் புரியாமல் போகலாம்.

1. இந்தச் சீட்டு எந்த வரிசையைத் தவிர்க்கிறது?

கன்னியாகுமரிப் படகுத்துறையில் சிறப்புக் கட்டணச் சீட்டு வாங்குபவர் பொது வரிசையில் நிற்க வேண்டியதில்லை. ஆனால் படகில் ஏறுமுன் உயிர்காப்பு உடை அணிய அவரும் நின்றே ஆக வேண்டும். பீசாவிலும் ஏறத்தாழ இதே நிலைதான். இத்தாலிய மொழியில் ‘சால்த்தா ஃபீலா’ என்று விளம்பரப்படுத்தப்படும் வரிசை தவிர்ப்புச் சீட்டு, சீட்டு விற்கும் இடத்தின் வரிசையிலிருந்து மட்டுமே நம்மை விடுவிக்கிறது. பாதுகாப்புச் சோதனை வரிசையிலிருந்து யாருக்கும் விலக்கு இல்லை.

கோபுரத்துக்குள் ஒரே நேரத்தில் குறிப்பிட்ட எண்ணிக்கையினரை மட்டுமே அனுப்புகிறார்கள். அதனால் ஒவ்வொரு சீட்டிலும் நாளோடு நுழைவு நேரமும் அச்சிடப்பட்டிருக்கும். உண்மையில் நீங்கள் வாங்குவது அந்த நேரத்தைத்தான். நேரம் தவறியவருக்கு அடுத்த முறையில் இடம் தருவதில்லை, பணமும் திரும்பாது. இந்த ஒன்றை மனத்தில் பதித்துக்கொண்டால், கீழே சொல்லும் ஒவ்வொரு படிக்கும் காரணம் தானே விளங்கும்.

2. முதலில் ஏறுபவர்களை எண்ணுங்கள்

சீட்டு வாங்கும் பக்கத்தைத் திறக்குமுன், குடும்பத்தில் அல்லது குழுவில் யார் யார் ஏறப்போகிறார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். எல்லோருக்கும் சேர்த்து மொத்தமாக வாங்கிவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பதே நான் மிகுதியாகக் கண்ட பிழை.

8 வயது நிறையாத குழந்தைகளுக்கு அனுமதி இல்லை. தூக்கிக்கொண்டு ஏறுவதற்கும் விடமாட்டார்கள். 8 முதல் 18 வயது வரை உள்ளவர்களோடு பெரியவர் ஒருவர் உடன் செல்ல வேண்டும். ஐந்து வயதுக் குழந்தையோடு செல்லும் கணவனும் மனைவியும் ஒரே நேரத்துக்கு இரண்டு சீட்டு வாங்கினால், ஒருவர் குழந்தையோடு கீழே நிற்க, ஒரு சீட்டு வீணாகும். அவர்கள் குறைந்தது ஒரு மணி நேர இடைவெளியில் வெவ்வேறு நேரங்களுக்கு ஒவ்வொரு சீட்டாக வாங்க வேண்டும். ஏறி இறங்க அரை மணி நேரம் ஆகும். ஏறுமுன் ஒப்படைத்த பையை மீட்பதற்கும் ஆள் மாறுவதற்கும் மீதி நேரம் தேவைப்படும்.

முதியவர்களைப் பற்றி ஒளிவுமறைவின்றிப் பேசி முடிவெடுங்கள். மின்தூக்கி கிடையாது. 250-க்கும் மேற்பட்ட படிகள், குறுகலான சுற்றுப்பாதையில், ஒரு பக்கம் சாய்ந்த தளத்தில் உள்ளன. திருவள்ளுவர் சிலையின் பீடத்துக்குள் ஏறிப் பாதம்வரை சென்று வருவதையே ஓர் அளவாகக் கொள்ளலாம்: அதை நடுவில் நெடுநேரம் உட்காராமல் ஏறி, இறங்கிய பிறகும் மூச்சு சீராக இருப்பவர் பீசாவிலும் ஏறிவிடுவார். அங்கேயே முட்டு வலிக்கிறது என்பவருக்குச் சீட்டு வாங்காதீர்கள். இதய நோய் உள்ளவர்கள், தலைசுற்றல் உள்ளவர்கள், அடைத்த இடத்தில் மூச்சுத் திணறுபவர்கள் ஆகியோரைக் கட்டாயப்படுத்தி ஏற்றுவது மிகத் தவறு. பாதி வழியில் அவர்கள் நின்றுவிட்டால் பின்னால் வருபவர்களும் நிற்க நேரிடும். பயிற்சி வேண்டுமென்றால், புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பிருந்து வாரம் ஒரு முறை சிதறால் மலைப்பாதையில் ஏறி இறங்குங்கள்.

3. விசா கைக்கு வந்த பிறகே சீட்டு

கோபுரச் சீட்டுக்குப் பணம் திரும்பக் கிடையாது. நாளை மாற்றவும் இயலாது. எனவே ஷெங்கன் விசா ஒட்டப்பட்ட கடவுச்சீட்டு வீட்டுக்கு வந்துசேரும் முன் அதை வாங்கக் கூடாது. விசா விண்ணப்பத்துக்குப் பயணத் திட்டம், தங்குமிட முன்பதிவு, குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு ஆகியவற்றைக் கேட்பார்கள். சுற்றுலா இடங்களின் நுழைவுச் சீட்டைக் கேட்பதில்லை. அதையும் வாங்கி இணைத்தால் விசா உறுதியாகும் என்ற தவறான எண்ணம் நம் ஊரில் பலருக்கு இருக்கிறது.

விண்ணப்பத்தைப் பயண நாளுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே கொடுக்கலாம். முடிவு சொல்ல வழக்கமான காலம் 15 நாள் என்றாலும், கோடை விடுமுறையை ஒட்டி விண்ணப்பங்கள் குவியும்போது நேர்காணலுக்கு நாள் கிடைப்பதே தாமதமாகும். முன்னதாக விண்ணப்பித்தால்தான், விசா வந்த பிறகும் நல்ல நேரத்துக்குக் கோபுரச் சீட்டு மிஞ்சியிருக்கும்.

4. நேரத்தைப் பின்னோக்கிக் கணக்கிடுங்கள்

புதியவர்கள் முதலில் பிடித்த நேரத்துக்குச் சீட்டு வாங்கிவிட்டு, பிறகு அதற்கேற்ற ரயிலைத் தேடுகிறார்கள். ரயில்களின் நேரத்தை முதலில் பார்த்துவிட்டுப் பிறகு சீட்டு வாங்குவதே முறை.

ஃபிளாரன்சில் தங்கியிருப்பவர்களுக்கு இது எளிது. அங்கிருந்து பீசா சென்ட்ராலே நிலையத்துக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம். வண்டிகளும் அடிக்கடி உண்டு. ரோமிலிருந்து காலையில் புறப்பட்டு இரவு திரும்புபவர்கள், வண்டியைப் பொறுத்து ஒரு வழிக்கு இரண்டரை முதல் நான்கு மணி நேரம் ஆகும் என்பதால், பிற்பகல் நேரத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. நுழைவு நேரம் முற்பகல் 11.30 என்று வைத்துக்கொள்வோம். சோதனை வரிசையில் 11.15-க்கு நிற்க வேண்டும். பையை ஒப்படைக்கும் இடத்தில் 10.50-க்கு இருக்க வேண்டும். சென்ட்ராலே நிலையத்திலிருந்து கோபுரத்துக்கு நடந்தால் இளையவர்களுக்கு 25 நிமிடம், முதியவர்களோடு சென்றால் 40 நிமிடம். ஆக 10 மணிக்காவது பீசாவில் இறங்க வேண்டும். அந்த 10 மணி வண்டிக்கும் முந்தைய வண்டியில் செல்லுங்கள். ஒரு வண்டி தாமதமானாலும் ரத்தானாலும் அடுத்தது நம்மைக் கொண்டுசேர்க்கும் என்ற தெம்பு அப்போதுதான் இருக்கும்.

வேலைநிறுத்தத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். இத்தாலியில் ரயில் வேலைநிறுத்தத்தை ‘ஷோப்பெரோ’ என்பார்கள். நாளை முன்னதாகவே அறிவித்துவிடுவார்கள். அத்தகைய வார நாள்களிலும் காலை 6 முதல் 9 மணி வரை, மாலை 6 முதல் 9 மணி வரை வட்டார ரயில்களுள் உறுதியளிக்கப்பட்டவை ஓடும். முந்தைய நாள் மாலையில் தங்குமிடத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, வேலைநிறுத்தம் என்றால் 9 மணிக்குள் பீசா போய்ச் சேரும் வண்டியில் ஏறிவிடுங்கள்.

5. சீட்டு வாங்குதல்

கோபுரம், பேராலயம், திருமுழுக்கு ஆலயம், அருகிலுள்ள கல்லறை மண்டபம் ஆகிய அனைத்தையும் ‘ஓபெரா தெல்லா பிரிமாத்சியாலே பிசானா’ என்ற ஒரே அமைப்பு பராமரிக்கிறது. அதன் சொந்த இணையதளமான ஓபாபிசா டாட் ஐடி-யில் சீட்டு நேரடியாகக் கிடைக்கும். 2024-இல் கோபுரச் சீட்டின் விலை 20 யூரோ. பேராலய நுழைவும் அதில் அடங்கும்.

தேடுபொறியில் தேடினால் இந்தத் தளத்துக்கு மேலே இடைத்தரகர்களின் விளம்பரங்கள் வரும். அவர்கள் விற்பதும் அதே நேரச் சீட்டுதான்; வரிசை தவிர்ப்பு என்ற பெயரைச் சேர்த்து விலையைக் கூட்டியிருப்பார்கள். நேரடித் தளத்தில் நம் நாளுக்கு இடம் தீர்ந்துபோயிருக்கும்போது மட்டும் அவர்களிடம் போகலாம் என்பது என் கருத்து. அப்போதும் ஒன்றை உறுதிசெய்துகொள்ள வேண்டும்: சீட்டின் விவரத்தில் ‘தோர்ரே’, அதாவது கோபுரம், என்ற சொல்லும் நுழைவு நேரமும் இருக்கின்றனவா என்று பாருங்கள். சதுக்கத்தைச் சுற்றிக் காட்டும் சுற்றுலாவை வாங்கிவிட்டு, அதில் கோபுரம் ஏறுவதும் அடங்கும் என்று நம்பி வந்த ஒரு குடும்பத்தை வாயிலில் திருப்பி அனுப்பியதை நான் கண்டேன். தலைக்கு 30 யூரோவுக்கு மேல் அவர்கள் கொடுத்திருந்தார்கள்.

பணம் செலுத்தும்போது நம்மவர்களுக்கு வரும் தடை வேறு. இந்திய வங்கி அட்டைகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை தொடக்கத்தில் அடைக்கப்பட்டே இருக்கும். வங்கிச் செயலியில் நாமே அதைத் திறந்து, உச்சவரம்பையும் வைக்க வேண்டும். இதைச் செய்யாமல் மூன்று முறை முயன்றால், பிடித்துவைத்த நேரம் காலாவதியாகி வேறொருவருக்குப் போய்விடும். ஆகவே அட்டையைத் திறந்த பிறகே தளத்துக்குள் செல்லுங்கள். வங்கி அந்நியச் செலாவணிக் கட்டணமும் அதன்மீது வரியும் பிடித்துக்கொள்ளும் என்பதால், கணக்கில் சற்றுக் கூடுதலாக வைத்திருங்கள்.

பெயர் நிரப்பும் இடத்தில் தலைப்பெழுத்தைப் போடாதீர்கள். கடவுச்சீட்டில் பெயர் எப்படி அச்சாகியிருக்கிறதோ அப்படியே, தந்தை பெயர் விரிவாக இருந்தால் அதை விரிவாகவே எழுதுங்கள். ஒரே நேரத்தில் ஏறும் அனைவருக்கும் ஒரே முறையில் வாங்குங்கள். இருவர் இருவராக வாங்கத் தொடங்கினால், பாதிப் பேர் வாங்கும்போதே அந்த நேரம் நிரம்பிவிடும்.

மின்னஞ்சலில் வரும் சீட்டை இரண்டு படி அச்செடுத்து, ஒன்றைக் குழுத்தலைவரும் மற்றொன்றை வேறொருவரும் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே கைப்பேசியில் இணையம் கிடைக்காமல் தடுமாறுவது அன்றாடக் காட்சி.

6. நேரத்தைத் தாளில் எழுதிவையுங்கள்

இது சிறிய படிதான். ஆனால் இதனால் ஏற்பட்ட ஏமாற்றத்தை அருகிலிருந்து பார்த்தவன் என்பதால் தனியாகச் சொல்கிறேன். சீட்டில் இருப்பது இத்தாலிய நேரம். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை அது நம் நேரத்துக்கு மூன்றரை மணி நேரமும், மற்ற மாதங்களில் நான்கரை மணி நேரமும் பின்தங்கியிருக்கும்.

எங்கள் குழுவில் ஒரு மாமா, பிற்பகல் 3.30 என்ற நுழைவு நேரத்தை நாகர்கோவிலில் இருந்தபோதே கைப்பேசி நாட்காட்டியில் குறித்துவைத்திருந்தார். இத்தாலியில் இறங்கியதும் கைப்பேசி தானாக உள்ளூர் நேரத்துக்கு மாறி, அந்தக் குறிப்பையும் மாற்றி, நண்பகல் 12.00 என்று காட்டியது. அவரும் அத்தையும் சாப்பிடாமல்கூட விரைந்து 11.45-க்கே வாயிலில் போய் நின்றார்கள். உங்கள் நேரம் இது அல்ல என்று ஊழியர் சீட்டைத் தொட்டுக் காட்டிய பிறகுதான் விவரம் புரிந்தது. மூன்றரை மணி நேரம் வெயிலில் காத்திருந்து, 3.30 ஆனபோது அத்தைக்கு ஏறுவதற்குத் தெம்பு இல்லை. நாட்காட்டியை நம்பாமல், அச்செடுத்த சீட்டின் மேற்புறத்தில் பேனாவால் நேரத்தைப் பெரிதாக எழுதுங்கள்.

7. பீசாவில் எங்கே இறங்குவது?

பீசா சென்ட்ராலே பெரிய நிலையம். பெரிய பெட்டிகளை ஒப்படைத்து வைக்கும் வசதி அங்கே உண்டு. பீசா சான் ரொசோரே சிறிய நிலையம். ஆனால் அங்கிருந்து கோபுரத்துக்குப் பத்து நிமிட நடைதான். கையில் பெட்டி இருந்தால் சென்ட்ராலேயில் இறங்கிப் பெட்டியை வைத்துவிட்டு, பேருந்திலோ நடந்தோ செல்லுங்கள். பெட்டி இல்லாமல் முதியவர்களோடு வருபவர்கள், சென்ட்ராலேயில் வண்டி மாறியாவது சான் ரொசோரேயில் இறங்குவது நல்லது. கால்களின் வலுவைப் படிகளுக்கென மிச்சம் பிடிக்கலாம்.

வட்டார ரயிலுக்குக் காகிதச் சீட்டு வாங்கினால், ஏறுமுன் நடைமேடையிலுள்ள சிறு இயந்திரத்தில் நுழைத்து முத்திரை குத்திக்கொள்ள வேண்டும். தவறினால் சீட்டு இருந்தும் அபராதம் கட்ட நேரும். பேருந்திலும் சதுக்கத்திலும் ஜேப்படிக்காரர்கள் உண்டு என்பதால், படம் எடுக்கும் ஆர்வத்தில் பையைத் தோளுக்குப் பின்னால் தொங்கவிடாதீர்கள்.

8. வாயிலுக்கு முன்: கழிவறை, பை, சோதனை

இந்த மூன்றையும் இதே ஒழுங்கில் செய்யுங்கள். கோபுரத்துக்குள் கழிவறை இல்லை; வெளியிலுள்ளது கட்டணக் கழிவறை, சில்லறை நாணயம் கையில் இருக்க வேண்டும். பையை ஒப்படைத்த பிறகு, அந்த நாணயம் பைக்குள் இருப்பது நினைவுக்கு வந்து திரும்ப ஓடியவர்கள் உண்டு.

அடுத்தது பை. முதுகுப்பை மட்டுமல்ல, பெண்களின் கைப்பைக்கும் அனுமதி இல்லை. சீட்டு விற்கும் இடத்தின் அருகிலேயே கட்டணமின்றிப் பாதுகாத்துத் தருகிறார்கள்; கைப்பேசியும் கேமராவும் கொண்டுசெல்லலாம். நம் பெண்கள் தடுமாறுவது இங்கேதான். சேலையிலும் பெரும்பாலான சுடிதாரிலும் சட்டைப்பை கிடையாது. கடவுச்சீட்டையும் பணத்தையும் பையோடு ஒப்படைக்க மனம் வராமல், கையிலே பிடித்துக்கொண்டு படியேறினால் சுவரைப் பற்றக் கை இல்லாமல் போய்விடும். உள்பக்கம் சட்டைப்பை உள்ள மேலங்கி ஒன்றை அணிந்துவருவது நல்லது; குறைந்தது, பாட்டிமார் இடுப்பில் செருகும் சுருக்குப்பையையாவது ஊரிலிருந்து கொண்டுவாருங்கள். ஏறும் நாளில் சேலையைத் தவிர்ப்பதும் நல்லது, ஏனெனில் குறுகிய படியில் முந்தானையும் கொசுவமும் காலில் சிக்கும்.

பிறகு உலோகங்காட்டி வழியாகச் சோதனை. பேனாக்கத்தி, கத்தரி போன்றவற்றைப் பையிலேயே விட்டுவிடுங்கள்.

9. படிகளில்

படிகள் பளிங்குக்கல்லால் ஆனவை. பல நூற்றாண்டுகளாகக் கால் பட்டுப் பட்டு, ஆட்டுக்கல்லின் குழிபோல் தேய்ந்திருக்கின்றன. குனிந்து கவனித்தால் ஒன்று தெரியும்: அந்தக் குழி எல்லாப் படியிலும் நடுவில் இல்லை. ஒரு சுற்றின் பாதியில் உள்சுவர்ப் பக்கமும், மறுபாதியில் வெளிச்சுவர்ப் பக்கமும் விலகியிருக்கிறது. கோபுரம் சாய்ந்திருப்பதால், ஏறுபவரின் உடல் ஒவ்வொரு பாதிச் சுற்றிலும் வேறு வேறு பக்கமாகத் தள்ளப்பட்டு, கால் தானாகவே அங்கே விழுந்திருக்கிறது.

“யாரோ தோளைப் பிடிச்சுத் தள்ளுத மாதிரி இருக்கு மக்ளே” என்று எனக்கு முன்னால் ஏறிய சித்தி சொன்னது அப்படியே உண்மை. கோபுரம் இப்போது ஏறத்தாழ 4 பாகை சாய்ந்திருக்கிறது. சாய்வுக்கு எதிராக ஏறும்போது படி செங்குத்தாகவும், சாய்வின் பக்கமாக ஏறும்போது சமதளம் போலவும் தோன்றும். முதல் இரண்டு சுற்றுகளை மெதுவாக ஏறுங்கள். காதும் கண்ணும் பழகிக்கொள்ளும். வேகமாக ஏறத் தொடங்குபவர்களுக்கே தலைசுற்றல் வருகிறது.

ரப்பர் அடியுள்ள காலணி கட்டாயம் வேண்டும். வழவழப்பான அடி உள்ள செருப்பு, அதுவும் மழை நாளில், வழுக்கும். இறங்குவது ஏறுவதைவிட ஆபத்தானது என்பதால், இறங்கும்போது படம் எடுக்காமல் ஒரு கையைச் சுவரில் வைத்துக்கொண்டே வாருங்கள்.

10. உச்சியில்

மேலே ஏழு மணிகள் வட்டமாகத் தொங்குகின்றன. அவற்றை இப்போது கயிறு கட்டி ஆட்டுவதில்லை. மின்பொறி வழியே ஒலிக்கச் செய்கிறார்கள். திருப்பலிக்கு முன்பும் நண்பகலிலும் அவை ஒலிக்கும். நண்பகலை ஒட்டி ஏறுபவர்களுள் செவிக்கருவி அணிந்தவர்கள் இருந்தால், ஒலியைக் குறைத்துவைத்துக்கொள்ளட்டும். மணிகளைத் தட்டிப் பார்க்கக் கூடாது. காற்றாடிமலையில் மணியடிச்சான் பாறையைத் தட்டிக் கேட்டுப் பழகிய நம் பிள்ளைகளுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

கிடைப்பது சில நிமிடங்களே. முதலில் தாழ்ந்த பக்கத்துக்குச் சென்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு பேராலயத்தின் கூரையைப் பாருங்கள். கூட்டம் அங்கேதான் முதலில் சேரும். பிறகு உயர்ந்த பக்கம். கைப்பேசியில் மணிக்கட்டில் மாட்டும் கயிறு இல்லாமல் கம்பிக்கு வெளியே கையை நீட்டாதீர்கள்.

11. இறங்கிய பிறகு

பேராலயத்துக்கான நுழைவும் உங்கள் சீட்டிலேயே இருப்பதால், அதே சீட்டைக் கசக்கி எறிந்துவிடாதீர்கள். தோள் மூடிய உடை வேண்டும். கோபுரத்துக்கு முன்னதாகப் பேராலயத்துக்குச் சென்றால் உள்ளே நேரம் போவது தெரியாமல் நுழைவு நேரத்தைத் தவறவிடுவோம். ஆகவே கோபுரம் முதலில், பேராலயம் அடுத்து. ஞாயிறு காலையில் திருப்பலி நடப்பதால் பயணிகளின் நுழைவு நேரம் வேறுபடும்.

கீழே காத்திருப்பவர்களை, கோபுரத்தை வெறுங்கையால் தாங்குவதுபோலப் படமெடுக்கும் கூட்டத்துக்குள் நிறுத்தாமல், பை ஒப்படைக்கும் இடத்தின் அருகிலேயே இருக்கச் சொல்லுங்கள். இறங்கியவர்கள் எப்படியும் பையை வாங்க அங்கேதான் வருவார்கள். பைக்கான அடையாளச் சீட்டு யாரிடம் இருக்கிறது என்பதை ஏறுமுன்பே எல்லோரும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.